சர்வரை ஒதுங்க வைத்த ஆயுத பூஜை

"சர்வர் சர்வர்னு இத்தன வருசமாச் சொல்றீங்க. அதுக்குள்ளார என்னதான் இருக்குதுன்னு ஒரு நாளாச்சும் தொறந்து காட்டியிருக்கீங்களா தம்பி?"

கேட்டவர் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் முதலாளி. கேட்டதில் நியாயம் இருந்தது. அவருடைய அலுவலகத்துக்கு வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்தவன் நான். அதைப் பராமரிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அடிக்கடி போய் அவர் வீட்டு நாட்டுக்கோழிக் குழம்பைச் சாப்பிட்டு வருகிறவனும் நான்தான். எந்த வண்டி எந்த மாநிலத்தில் நிற்கிறது, எவ்வளவு ஆழம் ஓட்டியிருக்கிறது, யாருடைய லைசென்ஸ் எப்போது முடிகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். வண்டிகளின் பெர்மிட், ஆட்களின் ஆதார், பாஸ்போர்ட் என்று எல்லாக் காகிதங்களின் நகலும் சர்வரில் ஏற்றப்பட்டிருக்கும். பேரைத் தட்டினால் காகிதம் திரையில் வந்து நிற்கும்.

அவருக்குப் பிடிக்காதது அதுதான்.

"பீரோவத் தொறந்தா எந்தத் தட்டுல என்ன இருக்குதுன்னு கண்ணுல படுதுங்க. உங்குளுது பேரச் சொல்லிக் கூப்புட்டாத்தான் வெளிய வருது. பேரு மறந்துபோச்சுன்னா நான் என்னன்னு கூப்புடறது?"

பதில் இல்லாத நேரத்தில் நான் வழக்கமாகச் செய்வதையே அன்றும் செய்தேன். "அது பெரிய வேலைங்ணா" என்று முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் அதைச் சின்ன வேலையாகச் செய்து முடித்தேன். அப்ளிகேஷனுக்குள் புதிதாக ஒரு பக்கம். இடது பக்கம் சர்வரில் உள்ள ஃபோல்டர்கள் கிளை கிளையாகத் தொங்கும். ஒன்றைத் தொட்டால் அதற்குள் இருக்கும் ஃபைல்கள் வலது பக்கம் வரிசையாக வரும். திறந்து பார்க்கலாம், பேர் மாற்றலாம், புது ஃபோல்டர் போடலாம், வேறு ஃபோல்டருக்கு நகர்த்தலாம். அழிக்கும் பட்டனை மட்டும் வைக்கவில்லை. அந்த முன்ஜாக்கிரதையை நினைத்து ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அழிப்பதைத் தவிர வேறு எந்த வழியிலும் மனிதன் நாசம் பண்ண மாட்டான் என்று நம்புகிற வயதா எனக்கு? ஐம்பதைத் தாண்டியாயிற்று.

இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கொடுத்தால் டோக்கன் தருவார்கள். யாருடைய செருப்பு என்று அங்கே எவருக்கும் தெரியாது. டோக்கனில் உள்ள எண், அந்த எண் போட்ட பொந்து, அவ்வளவுதான். என் அப்ளிகேஷனும் அப்படித்தான். யார் எந்தக் காகிதத்தை ஏற்றினாலும் அதற்கு எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு டோக்கன் பேரை வைத்துச் சர்வரில் போட்டுவிடும். உண்மையான பேர் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும். ஆகவே ஃபைல் பிரௌசரைத் திறந்து பார்த்தால், முதலாளி ஆசைப்பட்ட பீரோ தெரியவில்லை. பூனை கீபோர்டின் மேல் நடந்துபோனதுபோல் வரிசையாகப் பேர்கள் தெரிந்தன.

போதாததற்கு, சோதித்துப் பார்க்கும்போது வசதியாக இருக்கட்டும் என்று அந்தப் பக்கத்தைச் சர்வரின் வாசலிலிருந்தே திறந்து வைத்திருந்தேன். காகிதங்கள் இருக்கும் ஓர் அறையை மட்டும் காட்டியிருக்க வேண்டும். அப்புறம் வேலி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அப்புறம் வரவில்லை.

முதலாளிக்குக் காட்டிய அன்று அலுவலகத்து அக்காவும் பக்கத்தில் நின்று பார்த்தார். அவரைவிட மூத்த முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான். கணக்கு, காகிதம், சம்பளம், டீ எல்லாம் அவர் பொறுப்பு.

"இதென்னுங்க சார், எல்லாம் இப்படிக் கூளமாட்டக் கெடக்குது?"

"அது அப்படித்தானுங்க்கா இருக்கும்."

"ஒரு காகிதம்கூட வெளங்குற பேருல இல்லீங்களே."

"வெளங்கக் கூடாதுங்க்கா. அதுதான் பாதுகாப்பு" என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் மதிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருட ஆயுத பூஜையன்று எங்கள் எல்லோருடைய கவனமும் ஓர் ஆளின் மேல் இருந்தது. ரிக் அலுவலகங்களில் ஆட்களைப் பேர் சொல்லி அழைப்பது குறைவு, ஊர் சொல்லித்தான். இவர் மல்லசமுத்திரத்துக்காரர். டிரில்லர். முப்பது வருடம் வடக்கே பூமியைத் துளைத்தவர். ஆப்பிரிக்காவில் முதலாளிக்குத் தெரிந்த ஒருவர் நடத்தும் ரிக்குக்கு இவரை அனுப்புவதாக ஏற்பாடு. விமானத்தை அவர் அண்ணாந்து பார்த்திருக்கிறார், ஏறியதில்லை. டிக்கெட் எடுத்தவர் ஆப்பிரிக்காவில் இருந்தபடியால் ஆயுத பூஜை அவர் நினைவில் இல்லை, விமானம் அன்றைக்கே அமைந்துவிட்டது. ஊரே கூடி மாலை போட்டு, தப்பட்டை அடித்து, முந்தின நாள் சேலத்தில் ரயில் ஏற்றி விட்டிருந்தார்கள்.

பூஜையன்று மதியம் வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு நான் கண் அயரும் நேரம். முதலாளி அழைத்தார்.

"தம்பி, மல்லசமுத்திரத்துக்காரரை ஏர்போர்ட்ல நிறுத்திப்புட்டாங்க. கையில இருக்கற அழைப்புக் கடிதத்துல பழைய பாஸ்போர்ட் நெம்பராமா. புது நெம்பர் போட்ட கடிதம் போன வாரந்தான் வந்துச்சு. அதை எடுத்து அவரு போனுக்கு அனுப்பி உடுங்க."

"உங்க வாட்ஸப்லதானுங்ணா வந்திருக்கும்?"

"வந்துதுங்க. சர்வர்ல ஏத்திப்போட்டுப் போன்ல அழிச்சுட்டேன். நீங்கதான சொன்னீங்க, போன்ல குப்பை சேக்காதீங்க, சர்வர்தான் பத்திரம்னு?"

சொல்லியிருந்தேன். கைவிரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தேன். அனுப்பியவரிடம் திரும்பக் கேட்கலாமென்றால் அவர் காட்டுக்குள் ரிக்கோடு இருக்கிறார், சிக்னல் இல்லை.

என் கைபேசியில் அப்ளிகேஷனைத் திறந்து டிரில்லரின் பேரைத் தட்டினேன். ஃபைல் இல்லை என்றது. தவறாகத் தட்டினேனோ என்று வேறொருவர் பேரைத் தட்டினேன். இல்லை. ஒரு வண்டியின் பெர்மிட்டைக் கேட்டேன். இல்லை. எதைக் கேட்டாலும் இல்லை.

எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் தெரிந்துகொள்வது வாய். நிறுத்தாமல் ஜோக் அடிப்பேன். "சர்வரும் லீவு போட்டிருச்சு போல" என்று சொல்லித் தனியாகச் சிரித்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னுங்க போச்சு?" என்றார். முப்பது வருடக் குடித்தனத்தில் என் சிரிப்பை இவ்வளவு சரியாகப் படித்தவர் வேறு யாருமில்லை.

ஃபைல் பிரௌசரில் போய்ப் பார்க்கலாம் என்றால், கைபேசித் திரைக்கு ஏற்றபடி அதை நான் அமைக்கவில்லை. ஃபோல்டர் கிளைகள் மொத்தத் திரையையும் அடைத்துக்கொண்டு நின்றன, ஃபைல்கள் எங்கோ மல்லசமுத்திரம் தாண்டி இருந்தன. இதை யார் போனில் பார்க்கப்போகிறார்கள் என்று எகத்தாளம் பேசியவனும் நான்தான். லேப்டாப்பைத் தேடினேன். அது பூஜையில் இருந்தது. மூடியில் திருநீற்றுப் பட்டை, நடுவில் சந்தனம் குங்குமம், மேலே மகளின் பழைய பாடப் புத்தகங்கள், அதற்கும் மேலே அரிவாள்மணை.

"அதை எடுக்கட்டுமா?"

"எடுங்களேன் பாக்கலாம்" என்றார் மனைவி.

அந்த வாக்கியத்துக்கு எங்கள் வீட்டில் ஓர் அர்த்தம்தான் உண்டு. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முதலாளியின் அலுவலகத்துக்குப் பறந்தேன்.

அங்கே கம்ப்யூட்டர் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தது. மானிட்டருக்குப் பொட்டு, கீபோர்டு மேல் செவ்வந்தி, மவுசுக்கு அதன் அளவுக்கு ஒரு குட்டி மாலை. முதலாளி புது வேட்டியில் நின்றிருந்தார். அக்கா பூசணிக்காய்க்குள் குங்குமம் திணித்துக்கொண்டிருந்தார். நான் முதலாளியைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தி, செய்தியைச் சொன்னேன்.

"அண்ணா, பயப்படாதீங்க. நம்ம சர்வருக்குள்ள யாரோ பூந்துட்டாங்க. வெளிநாட்டுக் கும்பலா இருக்கும்."

"எந்த ஊர்க்காரனுங்க?"

"ரஷ்யாவா இருக்கலாங்ணா."

"நமக்கு அங்க வண்டியே ஓடலீங்களே. நம்ம காகிதத்த வெச்சு அவன் என்ன பண்ணுவான்?"

"அதெல்லாம் வித்துப்போடுவாங்க. மொத்த ஃபைலையும் காணோம். சுத்தமாத் தொடச்சிருக்கறாங்க." இதைச் சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. தொடர்ந்து போலீஸ், புகார், தடயம் என்று கொஞ்ச நேரம் பேசினேன். பேசப் பேச என் குரலில் ஒரு கம்பீரம் கூடியதை மறுப்பதற்கில்லை. தவறு என்னுடையதில்லை என்றால் எனக்குப் பதற்றம்கூட அழகாக வரும்.

அக்கா பூசணிக்காயைக் கீழே வைத்தார்.

"தொடச்சது நானுங்க சார்."

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"நேத்து ஆபீஸ் பூராவும் கூட்டித் தொடச்சு ஒதுங்க வெச்சமுங்களா. பீரோ, அலமாரி, மேசை எல்லாம் ஆச்சு. இதும் ஒரு பீரோதானன்னு தொறந்தேன். வெளங்காத பேரா கெடந்துது. ஒவ்வொண்ணாத் தொறந்து பாத்து, அதது என்னன்னு பேரு வெச்சு, ஊர் ஊராப் பிரிச்சு அடுக்கிப்போட்டனுங்க. ஒண்ணையும் வெளிய போடலீங்க. குப்பையோட சரஸ்வதிக்குப் பூஜை போட்டா நல்லாவா இருக்கும்?"

பொந்துகளில் எண்ணோடு கிடந்த செருப்புகளை எல்லாம் எடுத்து, துடைத்து, அழகாக ஜோடி சேர்த்து, ஊர்வாரியாக அடுக்கிவிட்டார். டோக்கனோடு நிற்கிற என் அப்ளிகேஷனுக்கு ஒரு செருப்பும் கிடைக்கவில்லை. ரஷ்யாவின் மேல் நான் போட்ட பழியை அந்த நாடு மன்னிக்கட்டும்.

"எப்படி அடுக்கினா என்னுங்க, இருக்குதில்ல. எடுங்க்கா" என்றேன், ஏதோ நானே அடுக்கியதுபோல.

அக்கா முதலாளியைப் பார்த்தார். முதலாளி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"பூஜையில வெச்சதுங்க தம்பி. நாளைக்குக் காலையில மறுபூஜை போட்டுத்தான் கை வெக்கோணும்."

அவர் வீம்புக்குச் சொல்லவில்லை. பூமிக்குள் எவ்வளவோ அடியில் துளை போடும் ராடு மாட்டிக்கொண்டால் மேலே நிற்கிற மனிதனால் செய்யக்கூடியது கொஞ்சம்தான், மிச்சம் சாமி கையில். முதல் வண்டி வாங்கிய காலத்திலிருந்து இந்த ஒரு நாளில் அவர் ஸ்பேனரைக்கூடத் தொட்டதில்லை. அந்த மனிதரிடம் தொழில்நுட்பம் பேச எனக்கு வாய் வரவில்லை.

"சித்தெ இருங்க, வாரேன்" என்று எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பாய், என் பழைய சிநேகிதர். சேலம் டவுனிலிருந்து வந்து இங்கே கடை போட்டவர். அவர் கம்ப்யூட்டர் பூஜையில் இருக்காது என்று கணக்குப் போட்டேன். கடை ஷட்டர் இறங்கியிருந்தது. ஷட்டரில் பெரிய சந்தனப் பொட்டு. பாய் வெளியே நாற்காலி போட்டுப் பொரி கொறித்துக்கொண்டிருந்தார்.

"வேலைக்காரப் பசங்க பூஜை போட்டு, மெசினுக்கு மாலை போட்டு, பூட்டிச் சாவியையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. இன்னைக்கு இந்தக் கடைக்கு நான் மொதலாளி இல்ல. பொரி சாப்புடறீங்களா?"

திரும்பி ஓடி வந்தபோது முதலாளியின் கைபேசியில் டிரில்லர் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். பின்னால் விமான நிலையத்து அறிவிப்புகள்.

"மொதலாளி, செக்கின் கவுண்டரை மூடப் போறாங்களாமா. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதானுங்க, காகிதத்தக் காட்டுங்க, உட்டர்றேங்குது."

"வந்துரும், சித்தெ பொறுங்க."

"எனக்கு வேலை போனாப் போகுதுங்க. வடக்க இல்லாத வேலையா. ஊர்ல தப்பட்டை அடிச்சு அனுப்பிச்சாங்க. எம்பட பேரன் ஏரோபிளேன் பொம்மையக் கையில குடுத்து அனுப்பியிருக்கறான், மேல போனதும் சன்னல்ல காட்டோணுமாமா. நாளைக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுல நான் எறங்கி எப்படிங்க நடக்கறது?"

முதலாளி கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்க் கால் கழுவினார். வந்தார். வேட்டியை இறக்கிவிட்டு, தட்டில் சூடம் வைத்துப் பற்றவைத்து, கம்ப்யூட்டருக்கு மட்டும் காட்டினார்.

"தாயே, மத்ததெல்லாம் நாளைக்குத்தான். இந்த ஒரு பொட்டிக்கு மட்டும் இப்பவே மறுபூஜை போட்டுக்கறேன். நம்ம ஆளு அங்க நிக்கறான்" என்றார். மவுசின் குட்டி மாலையை அவரே கழற்றி வைத்தார். "எடுங்க்கா."

அக்கா உட்கார்ந்தார். சந்தனம் அப்பிய திரை உயிர் பெற்றது. ஃபைல் பிரௌசர் திறந்தது. நான் பார்த்தது என் சர்வரை அல்ல. எளச்சிபாளையம், வையப்பமலை, மல்லசமுத்திரம், ராசிபுரம் என்று ஒழுங்காக ஊர் ஊராக ஃபோல்டர்கள். 'வண்டி' என்று ஒன்று. 'சாமி படம்' என்று ஒன்று. 'தெரியல, சாரைக் கேக்கணும்' என்று ஒன்று. அதற்குள் என் அப்ளிகேஷன் அடுத்த முறை எழுந்திருப்பதற்கு வேண்டிய முக்கியமான ஃபைல்கள் சில பணிவாக உட்கார்ந்திருந்தன. வேலி போடாத பாவம் அங்கே என்னைப் பார்த்துச் சிரித்தது.

அக்கா மல்லசமுத்திரத்தைத் திறந்தார். வேறு இரண்டு ஆட்களின் காகிதங்கள் இருந்தன. இவருடையது இல்லை.

என் வாய் மறுபடி எழுந்துகொண்டது. "ஒருவேளை அந்த ரஷ்யாக்காரன்" என்று ஆரம்பித்தேன்.

"சும்மா இருங்க சாமி" என்றார் அக்கா. நெற்றியைத் தட்டினார். "அட, இவரு மல்லசமுத்திரத்துலயா இருக்கறாரு? கண்ணாலத்துக்கு அப்புறம் மாமனார் ஊட்டோடதான? சம்பளம் வாங்க வர்ற பஸ்ஸுகூட ராசிபுரத்து பஸ்தான். நான் ராசிபுரத்துலயில்ல போட்டேன்."

ஸ்பீக்கரிலிருந்து குரல் வந்தது. "அக்கா, எல்லாம் கேக்குதுங்க. ஏர்போர்ட்ல வெச்சு என்ற மானத்த வாங்காதீங்க. நான் மல்லசமுத்திரம்தான்."

"காகிதம் வேணுங்களா, ஊரு வேணுங்களா?"

"காகிதம் குடுங்க்கா. ராசிபுரமாவே இருக்கட்டும்."

ராசிபுரத்தில் இருந்தது. 'ஆப்பிரிக்காவுக்குக் கூப்பிட்ட கடிதம், புதுசு' என்று பேர் வைத்திருந்தார். அதற்கு மேல் ஒரு ஃபைலுக்குப் பேர் வைக்க முடியாது. அனுப்பினோம். அவர் கவுண்டருக்கு ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது, அப்புறம் தொடர்பு அறுந்தது.

காத்திருந்தோம். நான் மூன்று ஜோக் சொன்னேன், இருவரும் சிரிக்கவில்லை. முதலாளி கவனமில்லாமல் மவுசின் மாலையைத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டிருந்தார். அழைப்பு வந்தது.

"அட்டை குடுத்துட்டாங்க மொதலாளி. உள்ளார போகச் சொல்லீட்டாங்க."

முதலாளி தலையை ஆட்டினார், அந்தப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும் என்பதுபோல. அக்கா மறுபடி பூசணிக்காயை எடுத்துக்கொண்டார்.

எனக்கு நிம்மதி வந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சர்வர் வாசல் இன்னும் திறந்து கிடப்பது நினைவுக்கு வந்தது. கீபோர்டை நோக்கிக் கையை நீட்டினேன். முதலாளி அதற்குள் கம்ப்யூட்டரை அணைத்து, செவ்வந்தியைப் பழையபடி எடுத்து வைத்துவிட்டார்.

"அண்ணா, ஒரு அஞ்சு நிமிசம். கதவு தொறந்து கெடக்குதுங்க."

"எந்தக் கதவுங்க?"

"சர்வர் கதவுங்ணா."

"சரஸ்வதி உக்காந்திருக்கறாங்க. உங்களவிட நல்லாப் பாத்துக்குவாங்க. நாளைக்கு வாங்க."

மறுநாள் போய் வேலி போட்டேன். அதோடு, என் டோக்கன் பேர்களைத் திரும்ப வைக்காமல், அக்கா வைத்த பேர்களை என் அப்ளிகேஷனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பூஜையன்றோ அதற்கு மேல் செய்ய எனக்கு வேலை ஒன்றும் இல்லை. அலுவலகத்திலேயே கையில் பொரியோடு உட்கார்ந்து, திறந்த வாசலை நினைத்தபடி ஒவ்வொன்றாகக் கொறித்துக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்க வண்டிகள் வாழைக்கன்றைக் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி போய்க்கொண்டிருந்தன.

பொழுது சாயும்போது முதலாளியின் கைபேசி ஒருமுறை கூவியது. டிரில்லர்தான். ரகசியம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"மொதலாளி, உக்காந்துட்டனுங்க. சன்னலோரம்தான். பொம்மையையும் வெளிய எடுத்து வெச்சிட்டேன். ஆனா பாத்தா ஊரு ஒண்ணும் தெரியலீங்க, றெக்கைதான் தெரியுது."

"றெக்கை இருக்குதில்ல, அது போதும்" என்றார் முதலாளி. "போனை அணைங்க."